சிவப்பு மூடி, அரை கிலோ

நாடு முழுக்கத் தக்காளி சாஸ் விலை ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரில் மட்டும் அது ஏறவே இல்லை. இதை நான் சொல்லவில்லை, அரசாங்கத்தின் சந்தை விலை அறிக்கை சொல்லிற்று. அதில் ஊருக்கு ஒரு பத்தி உண்டு. மற்ற ஊர்களின் பத்திகளில் எல்லாம் ஏற்றம். எங்கள் ஊர்ப் பத்தியில் மட்டும் சாஸுக்கு நேராக 'மாற்றமில்லை' என்று இருக்கும். படிக்கிறவர்கள் நாங்கள் ஏதோ கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நாங்களோ சாஸ் காய்ச்சிப் பிழைக்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் கொப்பரை, அடியில் எரிவாயு அடுப்பு, மேலே துடுப்பைச் சுற்றுகிற மோட்டார். தக்காளிக் கூழ், சர்க்கரை, வினிகர், உப்பு, அவ்வளவுதான் சங்கதி. கொதி வரும்போது கிட்டே நின்றால் தெறித்துத் தோல் உரியும். என் இரண்டு முழங்கையிலும் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருக்கின்றன. காய்ச்சியதைக் கேன்களில் அடைத்து மருத்துவமனைச் சமையலறைக்கும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடங்களுக்கும் கொடுப்போம். விலை எங்கள் கையில் இல்லை. அரை வருடத்துக்கு ஒரு தடவை, அறிக்கையில் எங்கள் ஊர்ப் பத்தி எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு ஏற்றிக் கொடுப்பார்கள். ஒப்பந்தம் அப்படி. தக்காளி ஏறியது, சர்க்கரை ஏறியது, எரிவாயு ஏறியது. பத்தி மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்தப் பத்தியை நிரப்புகிறவள் வேறு யாரும் இல்லை, என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் ஓர் ஆரஞ்சைப் பிரித்துக்கொண்டால், மிஞ்சுகிற ஒற்றைச் சுளையைக் கத்தியால் சரிபாதியாக வெட்டுவாளாம். அதனால் வீட்டில் அவளுக்குத் தராசு என்று பெயர். வேலையும் அதற்கேற்ற வேலை. மாதா மாதம் கடைகளுக்குப் போய், அலுவலகம் சொன்ன அதே பொருளை, அதே அளவில், அதே கடையில் பார்த்து விலை எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்கள் ஊர் சின்னது என்பதால் ஒரு பொருளுக்கு ஒரு கடைதான். சாஸ் என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள முனைக்கடை. சிவப்பு மூடி போட்ட கண்ணாடி பாட்டில், அரை கிலோ. வேறு எதையும் அவள் பார்க்கக் கூடாது.

இதைப் பற்றி என் வீட்டுக்காரர் அவளிடம் வாயே திறந்ததில்லை. "அது அவ வேலை. நாம கேட்டா அவளுக்குச் சங்கடம்" என்பார். பிழைக்கத் தெரியாத மனிதர். ஒரு நாள் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க ஊர்ல இன்னும் பழைய விலையாமே, அறிக்கையில பார்த்தேன். ஒரு லோடு அனுப்புறீங்களா?" என்று கேட்டார். இவர் சிரித்துப் பேசிவிட்டுப் போனை வைத்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் சோப்புக் காய்ச்சுகிற ஒருவர் வந்து கொப்பரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். துடுப்பைக் கையால் சுற்றிப் பார்த்தார். கொப்பரையை விலை பேச வந்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"எதுக்கு வந்தார்?"

"சும்மா பார்த்துட்டுப் போகட்டும்னுதான். வர்ற அறிக்கையிலயும் ஏறலன்னா அடுப்பை அணைச்சிட வேண்டியதுதான். ஒவ்வொரு கேனும் கையைக் கடிக்குது. எத்தன நாளைக்கு இப்படி ஓட்டுறது?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரறிந்த விஷயம். நேரே முன்னறைக்குப் போனேன். தராசு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டியம்மா, கடைக்குப் போய்க் கண்ணை மூடிக்கிட்டா எழுதுற? நாடு முழுக்க ஏறுது, இங்க மட்டும் ஏறாதா?"

"ஷெல்ஃப்ல என்ன விலை இருக்கோ அதைத்தான் எழுதுறேன் அண்ணி. உங்களுக்காக ஒரு புள்ளி கூட்டி எழுத மாட்டேன்."

"கூட்டி எழுதச் சொன்னேனா? உள்ளதை எழுதுன்னு சொல்றேன்."

"உள்ளதுதான் அது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்து எழுதுறேன். வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க."

சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. மறுநாளே போனேன்.

அந்தக் கடைப் பக்கம் நான் போனதே இல்லை. எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் வேறு கடையில். முனைக்கடைக்காரருக்கு என்னை யாரென்று தெரியாது. கல்லாவில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தால் பூச்சிக்குக்கூடக் கெடுதல் நினைக்காத முகம்.

"சிவப்பு மூடி சாஸ் அரை கிலோ ஒண்ணு குடுங்க."

"அது வர்றதே இல்லம்மா. கம்பெனிக்காரன் கண்ணாடியை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இப்ப பிளாஸ்டிக்தான். நானூறு கிராம், தொண்ணூத்தஞ்சு."

அவர் தலைக்கு மேலே, மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சிவப்பு மூடி தெரிந்தது. கழுத்தில் அறுபது என்று சீட்டு. சாஸ் காய்ச்சுகிறவளுக்குத் தெரியாதா? உள்ளே இருந்தது சிவப்பே இல்லை. கழுத்தைச் சுற்றிக் கறுத்து, அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது.

"அப்ப மேல இருக்கிறது என்ன?"

"அது விக்கிறதுக்கு இல்லம்மா."

"பின்ன, அழகுக்கா வச்சிருக்கீங்க?"

அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"விலை எழுத ஒரு மேடம் வருவாங்க. ஒரு நாள் வெயில்ல வந்து நின்னாங்க, முகமெல்லாம் வாடிப்போய். 'இந்த பாட்டில் மட்டும் இல்லாம போச்சுன்னா என் பாடு திண்டாட்டம் அண்ணே. மாத்துப் பொருளுக்கு மூணு பக்கம் எழுதணும், அதுக்கு மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும்'னு புலம்பினாங்க. பாவமா இருந்துச்சு. கடைசியா வந்ததுல ஒண்ணை எடுத்து வச்சிட்டேன். அவங்க வர்ற அன்னைக்குத் துடைச்சு முன்னால வைப்பேன். போனதும் மேல ஏத்திடுவேன்."

"விலையும் பழைய விலையா?"

"பாட்டில் பழசுதானேம்மா, விலையை மட்டும் எப்படி ஏத்துறது? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பருப்புத் தட்டைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கோபப்படவும் முடியவில்லை. ஒரு உப்புப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தராசு நம்பவில்லை. "அண்ணி, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அது அவள் விலை எழுதுகிற நாள் இல்லை. அவளை அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தயாராக இருந்தேன். மேலே ஏற்றி வைத்திருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. நேரே கொட்டகைக்குள் போய், கவிழ்த்துப் போட்டிருந்த கேன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொப்பரை சூடாகிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

"விலையையும் எடையையும்தான் பார்த்தேன். அந்த விலைக்கு வாங்க முடியுமான்னு ஒரு தடவகூட கேக்கலையே அண்ணி" என்றாள்.

நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

அன்று மாலையே அதிகாரிக்குப் பேசினாள். எழுதியதெல்லாம் தப்பு, நீங்களே வந்து பாருங்கள் என்று சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற காரியம். ஆனாலும் அதிகாரி வந்து பார்த்துச் சரியான விலையை எழுதிவிட்டால், வருகிற அறிக்கையிலேயே பத்தி ஏறிவிடும், கொப்பரை தப்பிக்கும். என் வீட்டுக்காரர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. விலை எழுதுகிறவர்களின் வீட்டில் யாரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்பது விதி. அவள் வேலையில் சேர்ந்தபோது அண்ணன் டயர் கடையில் இருந்தார். இல்லை என்று கையெழுத்துப் போட்டாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் அது ஞாபகத்திலேயே இல்லை.

"அதையும் சொல்லிடறேன். முதல்ல அவர் கண்ணால பாட்டிலைப் பார்க்கட்டும். அதுக்கப்புறம் சொன்னாத்தான் நம்புவார்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நீங்க மட்டும் வந்துடாதீங்க" என்றாள்.

வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அதிகாரி வருகிற நாள் காலையில் கால் நிற்கவில்லை. அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது நான் சோப்புத் தூள் அடுக்கியிருந்த பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். தோளில் பை. கடைக்காரர் அவரைப் பார்த்தார், பின்னால் தலைகுனிந்து வருகிற தராசைப் பார்த்தார். அவ்வளவுதான், மனிதருக்குப் புரிந்துவிட்டது, தப்பாகப் புரிந்துவிட்டது. மேடத்துக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்துவிட்டார். மேலே எட்டித் திரும்பியபோது அவர் கையில் சிவப்பு மூடி இருந்தது. துணியால் ஒரு துடை துடைத்து, சீட்டு முன்னால் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"இதோ சார். அரை கிலோ, அறுபது. மேடம் ஒரு தடவகூட தப்பா எழுதினதில்ல. நான் சாட்சி."

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நான் எல்லாத்தையும் சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள் தராசு.

"உண்மைதானே மேடம் சொல்றேன். நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்றவர், அதிகாரி பார்க்காதபோது அவளுக்குத் தைரியம் சொல்வது போலக் கண்ணைக் காட்டினார்.

அதிகாரி பாட்டிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாட்டில் இருக்கு, விலையும் இருக்கு. நீங்க ஏம்மா குழப்புறீங்க?" என்று பேனாவை எடுத்தார். அவர் 'அறு' என்று எழுதுவது வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணே, அந்த விலைக்கு எனக்கு நாலு பெட்டி வேணும். இப்பவே எடுத்துக்கிறேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். தராசின் முகம் வெளுத்தது.

"நாலு பெட்டியா? அது வந்து..." என்று கடைக்காரர் இழுத்தார்.

"சரி, ஒரு பெட்டி. அதுவும் வேணாம், கையில இருக்கிற அந்த ஒண்ணைக் குடுங்க. அறுபதுதானே."

அவர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"குடுங்க. கேக்கிறாங்கல்ல."

"இது மேடத்துக்கு வச்சது சார்" என்றார் கடைக்காரர். "இதைக் குடுத்துட்டா அவங்க வரும்போது எதைக் காட்டுறது?"

அதிகாரி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுத்த கழுத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பாட்டில்களின் விலையைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, எடையைக் கணக்குப் போட்டுப் புதிதாக எழுதினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. வாங்க முடியாத விலை ஒரு விலையா?" என்றார் அதிகாரி. "சாட்சியா உங்களைப் போட்டுக்கிறேன். என்ன பண்றீங்க, வீட்ல எல்லாரும்?"

வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் டயர் கடையில் இருக்கிறார் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் முழங்கைப் புள்ளிகளைக்கூட முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"என் அண்ணி சார்" என்றாள் தராசு. "அண்ணன் சாஸ் காய்ச்சறவர். மருத்துவமனைக்குக் குடுக்கிறார். இன்னைக்கு உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இதை மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா இங்க வந்திருப்பீங்களா சார்?"

"வந்திருக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "நான் நம்பறேன். என் கண்ணாலயே பார்த்தேன். ஆனா விலையை ஏத்தச் சொல்றது சாஸ்காரரோட தங்கச்சி, சாட்சி அவர் மனைவி. இதை நான் மேல அனுப்பினா என்ன சொல்வாங்க?"

"அப்ப எதை எழுதுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"சந்தேகம்னு வந்துட்டா போன மாசத்து விலையையே போடணும். விதி அப்படி."

கடைக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு பெண்ணின் அலைச்சலைக் குறைத்ததுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். "ஒரே ஒரு பொய். உனக்காக இல்ல, உங்க அண்ணனுக்காக. அதையும் நான்தான் சொல்லப் போனேன், நீ வாயைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தாப் போதும்." கொட்டகையில் அவள் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கரண்டியில் இருந்த சாஸைத் தட்டில் சொட்டவிட்டு, பதம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொய் சொல்லியிருந்தா நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிப்பாங்க. நீ சொன்னது சரிதான்மா" என்று தங்கையிடம் சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள். நல்லவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கும் அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது என்று அவர்களிடம் சொன்னேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறிக்கை வந்தது. சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் சாஸ் விலை ஏறியிருந்தது. எங்கள் பத்தியில் மாற்றமில்லை. சோப்புக்காரர் இரண்டு ஆட்களோடு வந்து கொப்பரையை உருட்டிக்கொண்டு போனார். வாசல் நிலையில் இடித்து ஒரு செதில் பெயர்ந்தது. அதை யாரும் இன்னும் சரிசெய்யவில்லை. என் வீட்டுக்காரர் பழைய டயர் கடைக்கே போய்க் கேட்டார், எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் காய்ச்சியதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சின்ன பாட்டில்களில் ஊற்றி, கூடையில் அடுக்கிக்கொண்டு முனைக்கடைக்குப் போனேன். வேறு கடைக்கும் போயிருக்கலாம். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த மனிதரை ஒரு தடவை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று மனதில் இருந்திருக்கலாம்.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒரு பாட்டிலைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அருமையா இருக்கும்மா. தொண்ணூறுக்குத் தாராளமா வித்துப் போகும். இப்ப விலை எங்கேயோ போயிடுச்சே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம் எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. இன்னைக்குப் புதுசா ஒரு பொண்ணு விலை எழுத வருதாம். பாட்டில் இல்லன்னா, எப்பலேருந்து இல்லன்னு தோண்டுவாங்க. மேடம் எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடும். நான் அப்படி விடுவேனா?"

துணியை எடுத்தார். மெழுகுவர்த்திப் பெட்டிகள் பக்கம் கையை நீட்டினார். எங்கள் சாஸ் பாட்டில்களைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு மூடியை வைத்து, அறுபது என்ற சீட்டை முன்பக்கம் திருப்பினார்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வேறு எதற்கோ கவலைப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணுதானே இருக்குன்னு பார்க்கிறீங்களா?" என்றார். "போதும்மா. யாரும் வாங்குறதில்லையே, இது தீரவே தீராது."